சிக்னலை அடைத்தால் புற்று அடங்குமா? வாய்ப்புற்றுநோய்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். தாடையை அறுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். செல்லுக்குள் போகும் சிக்னலைத் தடுக்கும் ஊசி இருக்கிறதாமே, அதை மட்டும் போட்டுக் குணப்படுத்த முடியாதா?

பதில்: முடியாது. உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஊசியை நம்பி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், இன்று எடுக்கக்கூடிய கட்டி நாளை எடுக்க முடியாததாகிவிடும்.

அந்த ஊசி செய்வது இதுதான். செல்லின் வெளிச்சுவரில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பிப் புரதம் நிற்கிறது. வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. செல்லுக்குள் நீண்டிருக்கும் அவற்றின் வால்களில் பாஸ்பேட் ஏறுகிறது. அங்கிருந்து ராஸ், பி.ஐ.3கே., ஸ்டாட்3 ஆகிய பாதைகளில் ‘பிரிந்து பெருகு, சாகாதே’ என்ற உத்தரவு செல்லின் உட்கருவுக்குப் போகிறது. வாய்ப்புற்றுநோயில் பெரும்பாலானவற்றில் இந்த ஏற்பி அளவுக்கு மீறிக் குவிந்திருக்கும். செடுக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி வெளியிலிருந்தே ஏற்பியின் வாயை அடைக்கிறது. எர்லோடினிப் போன்ற மாத்திரைகள் உள்ளே போய், பாஸ்பேட்டைத் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஏற்பியில் வந்து ஒட்டும் இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன.

கேட்கும்போது இதுவே போதும் என்று தோன்றும். ஆனால் சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகைக் கீமோ மருந்துக்கு அடங்காத தலை, கழுத்துப் புற்றுநோயில் செடுக்ஸிமாபைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது, கட்டி கணிசமாகச் சுருங்கியது 100 பேரில் சுமார் 13 பேருக்குத்தான். 2006ல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சோடு இதைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 29.3 மாதத்திலிருந்து 49 மாதமாக உயர்ந்தது. பலரும் காட்டும் கணக்கு இது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் தொண்டை, குரல்வளைப் புற்றுநோயாளிகள். வாய்க்குழிப் புற்றுநோயாளிகளை அதில் சேர்க்கவே இல்லை. அந்த எண்ணை அப்படியே உங்கள் அப்பாவுக்குப் பொருத்தக் கூடாது.

வாய்க்குழியில் முதல் இடம் அறுவை சிகிச்சைக்கே. வெட்டிய விளிம்பில் புற்று மிச்சமிருந்தாலோ, கழுத்து நெறிகட்டியின் உறையைத் தாண்டிப் பரவியிருந்தாலோ, கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் சேர்ப்பார்கள். சிறுநீரகமோ காதோ பழுதுபட்டுச் சிஸ்பிளாட்டின் தாங்காதவருக்கு சிக்னல் தடுப்பு ஊசி பேச்சுக்கு வரும். நோய் திரும்பி வந்து, அறுக்கவும் வழியில்லாத நிலையில் அதன் பங்கு இன்னும் தெளிவு: 2008ல் வந்த ஆய்வில் பிளாட்டினம், ஃப்ளூரோயுராசில் ஆகிய இரண்டு கீமோ மருந்துகளோடும் செடுக்ஸிமாப் சேர்ந்தபோது இடைநிலை ஆயுள் 7.4 மாதத்திலிருந்து 10.1 மாதமாயிற்று.

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த வாரம் முதல் செடுக்ஸிமாப். முதல் நாள் மட்டும் ஏன் அதிக நேரம்? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதல் டோஸ் பெரியது. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 400 மி.கி., 2 மணி நேரத்தில் ஏற்றுவார்கள். அதன்பின் வாரந்தோறும் 250 மி.கி., 1 மணி நேரம். பரப்பு 1.5 சதுர மீட்டர் என்றால் முதலில் 600, பிறகு 375 மி.கி. சிகிச்சையில் எடை நன்றாகக் குறைந்திருந்தால் கணக்கை மறுபடி போட வேண்டும். வாய்ப்புற்றுநோயில் எடை வேகமாக இறங்கும் என்பதால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கதிர்வீச்சும் சேர்ந்திருந்தால் இந்த முதல் டோஸ் அதற்கு ஒரு வாரம் முன்பே ஏற வேண்டும்.

மருந்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக ஒவ்வாமைத் தடுப்பு ஊசி போடுவார்கள். கடுமையான எதிர்விளைவுகளில் சுமார் 90 சதவீதம் முதல் தடவையிலேயே வருபவை. குரல் கம்முதல், மூச்சு இழுப்பு, உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே நர்ஸிடம் சொல்ல வேண்டும். ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திருக்கக் கூடாது. மருந்து முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள்.

முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: உண்ணி கடித்த பின் ஆடு, மாட்டு இறைச்சி ஒவ்வாமல் போயிருக்கிறதா? அந்த இறைச்சியில் இருக்கும் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைதான் செடுக்ஸிமாபின் மேலும் ஒட்டியிருக்கிறது. அதற்கு எதிரான ஆன்டிபாடி உடம்பில் ஏற்கெனவே இருந்தால், முதல் டோஸே ஆபத்தாகலாம்.

இன்னொன்று மெக்னீசியம். சிறுநீரகம் மெக்னீசியத்தைத் திரும்ப உறிஞ்சும் வாசலை இதே ஈ.ஜி.எஃப்.ஆர். சிக்னல்தான் திறந்து வைக்கிறது. சிக்னலை அடைத்தால் மெக்னீசியம் சிறுநீரில் வழிந்துபோகும். கை கால் மரமரப்பு, தசைப்பிடிப்பு, படபடப்பு எல்லாம் அதன் அறிகுறிகள். கால்சியமும் கூடவே இறங்கும். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. கடைசி ஊசிக்குப் பிறகும் குறைந்தது 8 வாரம் ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். ஊசி முடிந்துவிட்டதே என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: இரண்டாவது ஊசிக்குப் பின் கணவருக்கு முகம், நெஞ்சு முழுக்கப் பரு. அலர்ஜி என்று நினைத்து நாங்களே ஒரு வாரம் நிறுத்திவிட்டோம். சரியா?

பதில்: இது அலர்ஜி அல்ல, வாலிபப் பருவும் அல்ல. தோல் செல்களும் அதே ஏற்பியை நம்பித்தான் வளர்கின்றன. அது அடைபடும்போது முடிக்கால்கள் அழற்சி கொள்கின்றன. வழக்கமாக முதல் மூன்று வாரத்துக்குள் தலைகாட்டும். நீங்களாக நிறுத்தியது தவறு. உடனே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள்.

பருவுக்கான கடைக் களிம்புகள் வேண்டாம். பென்சாயில் பெராக்சைடு ஏற்கெனவே வறண்ட தோலை எரித்துவிடும். மணமில்லாத ஈரப்பதக் களிம்பு தினமும், வெளியே போகுமுன் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பு, மருத்துவர் எழுதித் தந்தால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன். இவற்றோடு டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை பெரும்பாலும் தருவார்கள். பரு வரும் முன்பே தொடங்கினால் நல்ல பலன் தெரிகிறது. டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். கதிர்வீச்சில் புண்ணான தொண்டையில் இந்த மாத்திரை ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாயில் புண் போடும். விழுங்கவே முடியாதவர் மாற்று மருந்து கேட்கலாம்.

மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல், தாங்காத வலி இருந்தால் கிருமித் தொற்று சேர்ந்திருக்கிறது என்று பொருள். நகச்சுற்றும் வரலாம், இறுக்கமான செருப்பைத் தவிருங்கள். பரு கடுமையானால் மருத்துவரே ஊசியை 1 முதல் 2 வாரம் தள்ளிவைப்பார். முதல் தடவை என்றால் சதுர மீட்டருக்கு அதே 250 மி.கி.யில் தொடர்வார், மறுபடி வந்தால் 200, மூன்றாம் முறை 150, நான்காம் முறை மருந்தையே நிறுத்துவார். அந்த முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

கேள்வி: நோய் திரும்பிய தம்பிக்கு மூன்று வகை மாத்திரை எழுதியிருக்கிறார்கள். ஊசி இல்லாமல் மாத்திரை போதுமா?

பதில்: மெத்தோட்ரெக்சேட், செலகாக்சிப், எர்லோடினிப் ஆகிய மூன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். குறைந்த அளவில் தொடர்ந்து கொடுக்கும் முறை இது. வழக்கமான அளவு: மெத்தோட்ரெக்சேட் சதுர மீட்டருக்கு 9 மி.கி. வாரம் ஒருமுறை, செலகாக்சிப் 200 மி.கி. தினம் இருவேளை, எர்லோடினிப் 150 மி.கி. தினம் ஒருவேளை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2022ல் வெளியானது. இந்த மூன்றோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. நிவோலுமாப் (நோய் எதிர்ப்பைத் தூண்டும் ஊசி) சேர்த்தபோது, ஓராண்டு கழித்து உயிரோடிருந்தோர் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தனர். அது தம்பிக்குப் பொருந்துமா என்று கட்டாயம் கேளுங்கள்.

மிகப் பெரிய ஆபத்து மெத்தோட்ரெக்சேட்டில். வாரம் ஒருநாள் மாத்திரையைத் தினமும் விழுங்கிவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போகலாம். எந்தக் கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதி, மற்ற இரண்டோடு கலக்காமல் தனி டப்பாவில் வையுங்கள்.

எர்லோடினிப் வெறும் வயிற்றில்: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன், அல்லது 2 மணி நேரம் பின். ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை இதன் உறிஞ்சுதலைக் கெடுக்கும். புகைபிடித்தால் கல்லீரல் இதை வேகமாகச் சிதைத்து ரத்தத்தில் அதன் அளவைச் சரிபாதிக்கும் கீழே இறக்கிவிடும். அவர் இன்னும் பிடிக்கிறார் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். புதிதாக மூச்சுத்திணறலோ வறட்டு இருமலோ வந்தால், நுரையீரல் அழற்சி இல்லை என்று உறுதியாகும் வரை அடுத்த மாத்திரை வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: சில மாதத்தில் மருந்து ஏன் கேட்காமல் போகிறது? எல்லாப் பாதைகளையும் ஒரே நேரத்தில் அடைத்தால் என்ன?

பதில்: மேலே வாசலை அடைத்தாலும் கீழே பி.ஐ.3கே. மரபணு திரிந்து தானாக எரிந்துகொண்டிருக்கலாம். அல்லது மெட் என்ற பக்கத்து ஏற்பி வழியாக அதே சிக்னல் சுற்றி வரலாம். எல்லாவற்றையும் அடைக்கலாம் என்றால், அவை ஆரோக்கியமான செல்களுக்கும் வேண்டிய பாதைகள். பி.ஐ.3கே.யைத் தடுத்தால் இன்சுலினின் உத்தரவும் நின்று சர்க்கரை ஏறுகிறது. ஆளுக்கேற்ற பூட்டு ஒன்று ஆய்வில் நம்பிக்கை தருகிறது: எச்-ராஸ் மரபணு திரிந்த சிறு பகுதியினருக்கு டிபிஃபார்னிப்.

கேள்வி: கே-ராஸ் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. நாங்களே செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்த மரபணுச் சோதனை செடுக்ஸிமாபுக்கு முன் குடல் புற்றுநோயில் அவசியம். வாய்ப்புற்றுநோயில் கே-ராஸ் திரிபு அரிது, மருந்தைத் தேர்வதும் அதை வைத்து அல்ல. நோய் திரும்பியவர்கள் கேட்க வேண்டியது பி.டி.எல்.1 (நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கும் புரதம்) பரிசோதனை. அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சி.பி.எஸ். மதிப்பு 1க்குக் கீழா, 1 முதல் 19 வரையா, 20 அல்லது அதற்கு மேலா என்பதைப் பொறுத்து, நோய் எதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் ஊசி தனியாகவா, கீமோவோடா என்று முடிவாகும். பழைய பயாப்ஸி மெழுகுக் கட்டியிலேயே இதைச் செய்துவிடலாம், அதை மருத்துவமனையிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.