வர்த்தகக் குழுவோடு எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் வெளிநாடு போவதற்கு விதிமுறை வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் உங்கள் ஊர்க்காரர் யாரோ அப்படிக் கிளம்புகிறார், நீங்களும் அவர் கையில் சாம்பிள் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஃபேக்டரிக்குக் கொழுந்து போட்டுக் கட்டுப்படியாகாமல் பத்துப் பெண்கள் சேர்ந்து கையால் உருட்டி கிரீன் டீ போட்டுக்கொண்டிருந்தோம். சில வருடங்களுக்கு முன் வளைகுடா நாட்டுக் கண்காட்சி ஒன்றுக்கு அரசுக் குழு போகிறது, சிறு விவசாயிகள் சார்பில் ஒருவருக்கு இடம் உண்டு என்றார்கள். என் நாத்தனார் ஓடி ஓடி பாஸ்போர்ட் எடுத்தார். கடைசியில் அந்த இடத்தில் போனது ஒரு மக்கள் பிரதிநிதி. "நீங்க எதுக்கும்மா அலையறீங்க, பெட்டியைக் குடுங்க, நானே காட்டுறேன்" என்றார். ராத்திரி பன்னிரண்டு மணிவரை அறுபது பொட்டலத்துக்கு லேபிள் ஒட்டினோம். பழுப்பு டேப் தீர்ந்துபோய், பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் என் மகனின் நீல இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். அவர் திரும்பி வந்ததும் சால்வை, வாட்ஸ்அப்பில் ஒட்டகத்தோடு படம். இரண்டு வாரம் கழித்துப் பெட்டியும் வந்தது. நீல டேப்பில் ஒரு கீறல் இல்லை.

அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, எங்கள் ஊர் ரோடு அவர் போட்டதுதான். உடனே கட்சிச் சாயம் பூச வராதீர்கள்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் செலவில் அங்கே தங்கிச் சாப்பிட எம்.பி., எம்.எல்.ஏ. யாரானாலும் மத்திய அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்கிறது 2010ஆம் வருடத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு. ஆனால் நம் வரிப்பணத்தில் போகிறவரை அது கேட்காது. அமெரிக்காவில் கட்சிக்குப் பணம் கொடுத்த கம்பெனிகளுக்கே வர்த்தகப் பயணத்தில் இடம் என்று புகார் கிளம்பியபோது, 1997இல் விதியை எழுத்தில் போட்டார்கள்: ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நன்கொடைப் பேச்சே எடுக்கக் கூடாது. இங்கேயும் எழுதட்டும். யாருடைய இடத்தில் போகிறார், அந்தத் தொழிலில் அவருக்கோ சொந்தக்காரருக்கோ பங்கு உண்டா, அங்கே யாரைப் பார்த்தார், இதைத் திரும்பி வந்ததும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.

ஏற்றுமதி என்று பேசுகிறவர்கள் முதலில் எடைத் தராசுக்கு வரட்டும். மழைநாளில் இலை ஈரம் என்று எடையில் கொஞ்சம் கழித்தால் சரி, பிப்ரவரி வெயிலில் இலை சருகாகக் கிடக்கும்போதும் மூட்டைக்கு இரண்டு கிலோ பிடிக்கிறார் கொழுந்து எடுக்க வரும் எங்கள் ஏஜென்ட். கேட்டால், "அக்கா, எல்லாருக்கும் அப்படித்தான்."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாம்பிள் கொடுத்தால் ரசீது வாங்குங்கள், முடிந்தால் உங்கள் ஆளையே அனுப்பச் சொல்லுங்கள். நாத்தனார் பாஸ்போர்ட் இன்னும் நாலு வருடம் செல்லும்.