வாசகர் கேள்வி பதில்: "அந்த அண்ணன் எப்போ வருவாரு?"

கேள்வி: அக்கா வணக்கம். நான் செக் த்ரீ (உயர்நிலை மூணு) படிக்கிறேன். விஐஏங்கிற பள்ளி சமூக சேவை ப்ராஜெக்ட்டுக்காக எங்க கிளாஸ் ஒரு ஸ்பெட் (சிறப்புக் கல்வி) ஸ்கூலுக்குப் போகப் போகுது, அங்க அறிவுத்திறன் குறைபாடு உள்ள பசங்க படிக்கிறாங்க. ரெண்டு பாட்டு பாடி கிஃப்ட் பேக் குடுத்துட்டு வந்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அது சரியா படல. ஆனா அங்க என்ன பேசுறதுன்னும் தெரியல, கொஞ்சம் பயமாவும் இருக்கு. இதுல சில பசங்க இப்பவே 'ரிட்டார்ட்'னு சொல்லி சிரிக்கிறாங்க.
- மாணவன், ஈசூன்

பதில்: தம்பி, பை குடுக்கிறது தப்பில்ல, ஆனா அதோட நிறுத்திடாதீங்க. என் கூடப் பொறந்த தம்பிக்கு டௌன் சிண்ட்ரோம், இப்போ 41 வயசு. அவன் படிச்ச காலத்துல வேற ஸ்கூல் பசங்க வருவாங்க, பாடுவாங்க, போட்டோ எடுப்பாங்க, பையைக் குடுத்துட்டு பஸ் ஏறிடுவாங்க. அந்தப் பையெல்லாம் அம்மா அலமாரியில அடுக்கி வச்சிருந்தாங்க. இவன் அடுத்த வாரம் பூரா "அந்த அண்ணன் எப்போ வருவாரு"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான், அவருக்கு ஒரு சேர் கூட எடுத்துப் போட்டு வைப்பான், அந்த அண்ணன் வரவே மாட்டாரு.

அதனால டீச்சர்கிட்ட கேளுங்க, ஒரு தடவைக்குப் பதிலா நாலு தடவை போக முடியுமா, ஒவ்வொரு தடவையும் அதே பசங்களோட அதே ஜோடியா இருக்க முடியுமான்னு. அவங்களுக்கு நாம செஞ்சு காட்டுறதை விட சேர்ந்து ஏதாவது செய்யணும், ரொட்டி சுடுறது, செடி நடுறது, பந்து விளையாடுறது எதுவா இருந்தாலும் சரி. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்ல யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, குறைபாடு உள்ளவங்களும் இல்லாதவங்களும் ஒரே டீம்ல ஆடுவாங்க, பாஸ்கெட்பால்னா கோர்ட்ல இறங்குற அஞ்சு பேர்ல மூணு பேர் குறைபாடு உள்ளவங்க, ரெண்டு பேர் இல்லாதவங்க. பாவம்னு பந்தை விட்டுக் குடுக்கிறதெல்லாம் கிடையாது, ஜெயிக்கணும்னா பாஸ் பண்ணித்தான் ஆகணும், அப்போ அவன் எந்தக் கையால நல்லா பிடிப்பான்னு உங்களுக்குத் தன்னால தெரிஞ்சிடும்.

பயப்படுறது உங்க குத்தம் இல்ல. இந்தப் பிள்ளைங்கள்ல நிறைய பேர் தனிப் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க, நீங்க வேற பள்ளிக்கூடத்துக்குப் போறீங்க, பழக வழியே இல்லாம போயிடுது. சிங்கப்பூர்ல 2019ல இருந்து மிதமான, கடுமையான சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்களும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள்ள வந்துட்டாங்க, ரொம்ப நல்ல விஷயம், படிப்பு உறுதியாச்சு. ஆனா நட்புக்கு சட்டம் போட முடியாதே. சில ஸ்பெட் ஸ்கூல் பக்கத்துல இருக்கிற சாதாரண பள்ளியோட கைகோர்த்து ரீசஸ், சில பாடம் எல்லாம் சேர்ந்து நடத்துறாங்க, உங்க ஸ்கூலுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டான்னு விசாரிங்க.

பேசுறதைப் பத்தி கேட்டீங்க. சின்னச் சின்ன வாக்கியமா, ஒரு நேரத்துல ஒரு கேள்வி மட்டும் கேளுங்க, கேட்டுட்டு காத்திருங்க, பதில் வர பத்து செகண்ட் ஆகலாம், அவசரப்பட்டு நீங்களே பதிலை எடுத்துக் குடுக்காதீங்க. புரியலன்னா படம் காட்டலாம், கையால காட்டலாம். கூட நிக்கிற டீச்சர்கிட்ட "இவனுக்கு என்ன பிடிக்கும்"னு கேட்காதீங்க, அவன்கிட்டயே கேளுங்க. பதினஞ்சு வயசுப் பையன்கிட்ட குழந்தைக் குரல்ல கொஞ்சிப் பேசாதீங்க, என் தம்பிக்கு அப்படிப் பேசினா சுத்தமா பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்குவான். போட்டோ எடுக்கணும்னா டீச்சர்கிட்ட அனுமதி வாங்கினது போதாது, அவன்கிட்டயும் கேளுங்க.

'ரிட்டார்ட்'ங்கிற அந்த வார்த்தை விஷயம். ஒரு காலத்துல டாக்டருங்களே அதைத்தான் எழுதினாங்க. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவங்களுக்காக நம்ம ஊர்ல இருக்கிற மைண்ட்ஸ் அமைப்பு 1962ல ஆரம்பிச்சப்ப அதோட பேர்லயே அந்த வார்த்தை இருந்துச்சு, 1985ல மாத்தினாங்க. அமெரிக்காவுல 2010ல ரோசா சட்டம்னு போட்டு கூட்டரசு சட்டங்கள்ல இருந்து எடுத்தாங்க. தமிழ்ல நாம சொல்ற 'லூசு', 'மெண்டல்' எல்லாமும் இதே கணக்குதான், அதுல மனநோயையும் அறிவுத்திறன் குறைபாட்டையும் வேற போட்டுக் குழப்பிக்கிறோம். இந்தக் குறைபாடு நோய் இல்ல, சின்ன வயசுலயே தெரிய வர்றது, கத்துக்கிறது மெதுவா நடக்கும், தினசரி வேலைக்கு கொஞ்சமோ நிறையவோ உதவி வேணும், அவ்வளவுதான். பசங்க சிரிக்கிறப்ப எல்லார் முன்னாடியும் சண்டை போட வேணாம், தனியா கூப்பிட்டு "என் பிரெண்டை அப்படிச் சொல்லாதே"ன்னு சொல்லுங்க. ரெண்டாவது தடவை போயிட்டு வந்த பிறகு அது உண்மையாவே உங்க பிரெண்டாத்தான் இருக்கும்.

கேள்வி: எங்க ப்ளாக்ல இருபது வயசுப் பையன் ஒருத்தர் லிஃப்ட்ல சத்தமா பேசுவாரு. என் மகள் பிரைமரி டூ, பயந்து என் பின்னாடி ஒளிஞ்சுக்கிறா. நானும் தள்ளி நில்லுன்னுதான் சொல்றேன். தப்பாம்மா?
- வாசகி, செங்காங்

பதில்: பயம் தப்பில்லம்மா. ஆனா நீங்க கையைப் பிடிச்சு இழுக்கிறதை அவரும் பார்க்கிறாரு, அவங்க அம்மாவும் பார்க்கிறாங்க, எங்க அம்மா அதைப் பார்த்துட்டு எத்தனையோ நாள் லிஃப்டை விட்டுட்டு ஒன்பது மாடி படி ஏறியிருக்காங்க. அவர் பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, நாளைக்குப் பார்த்தா பேர் சொல்லி ஒரு வணக்கம் வைங்க. மகள்கிட்ட "அந்த அண்ணனுக்கு சந்தோஷம் வந்தா சத்தமா பேசுவாரு"ன்னு சொன்னா போதும், அந்த வயசுக்கு அதுக்கு மேல விளக்கம் வேணாம். தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்கு முறுக்கு குடுப்பீங்கல்ல, அவங்க வீட்டுக்குப் போறப்ப மகளையும் கூட்டிட்டுப் போங்க, டப்பாவை அந்த அண்ணன் கையில குடுக்கச் சொல்லுங்க.