பழைய தேக்கில் மறைந்திருக்கும் ஆணியைக் கண்டறிய ஒரு ப்ரோப்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் தேக்கு உத்தரங்களை வாங்கி, அறுத்து இழைத்துக் கதவும் மேசையும் செய்து வருகிறேன். தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்ட ஆணிகளால் இழைப்பு இயந்திரத்தின் பிளேடுகள் அடிக்கடி வாய் போகின்றன. கடையில் ப்ராக்சிமிட்டி சென்சார் (அருகில் வரும் உலோகத்தை உணரும் கருவி) ஒன்று வாங்கிப் பார்த்தேன். மேற்பரப்பை ஒட்டியிருக்கும் ஆணியை மட்டுமே காட்டுகிறது. சாலிடரிங் தெரியும், ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு போர்டும் ஓரளவு பழக்கம். மரத்தின் மேல் நகர்த்தி உள்ளே இருக்கும் ஆணியைத் தேடும் ஒரு ப்ரோபை நானே செய்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும், செய்யவும் வேண்டும். ஆணியில் மோதினால் பிளேடு மட்டும் போவதில்லை, தெறிக்கும் இரும்புத்துண்டு இயந்திரத்தின் அருகில் நிற்பவரின் கண்ணையும் பறித்துவிடக்கூடும்.

நீங்கள் வாங்கிய சென்சாரில் பழுது இல்லை. 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அந்த வகைச் சென்சார்கள் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தொலைவில் உள்ள இரும்பை உணரவே செய்யப்படுகின்றன. உலோகத்தை உணரும் காயிலின் (கம்பிச் சுருளின்) அளவைவிடத் தொலைவு கூடிய பிறகு, சிறிய உலோகத்துண்டு ஒன்றின் அறிகுறி ஏறத்தாழத் தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது தொலைவு இரட்டித்தால் அறிகுறி 64-இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே விரல் பருமனுள்ள எந்த ப்ரோபிடமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு தடவைக்கு மில்லிமீட்டர் கணக்கில் சீவும் இழைப்பு வேலைக்கு அந்த ஆழம் தாராளம். உத்தரத்தை நடுவில் அறுப்பதற்குத்தான் போதாது. அதற்குச் சுமார் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றுக் காயில் ஒன்று தனியாக வேண்டும்.

ப்ரோபின் உயிர் காயிலில்தான் இருக்கிறது. பழைய ரேடியோவில் இருக்கும் 10 மில்லிமீட்டர் பருமனுள்ள ஃபெரைட் தண்டில் 5 சென்டிமீட்டர் நீளத்துண்டு ஒன்றை எடுத்து, அதன் மேல் 0.2 மில்லிமீட்டர் எனாமல் தாமிரக் கம்பியை ஒரே அடுக்காக, இடைவெளியின்றி, 150 சுற்று சுற்றுங்கள். ஃபெரைட்டின் வகைக்கு ஏற்ப மாறினாலும், ஏறத்தாழ 1 மில்லிஹென்றி கிடைக்கும். பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்றையும், தொடராக இணைத்த இரண்டு 22 நானோஃபாரட் கெபாசிட்டர்களையும் கொண்டு ஒரு கோல்பிட்ஸ் ஆஸிலேட்டர் (தானாக அதிரும் மின்சுற்று) அமைத்தால் அது 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதிரும். காயிலின் அருகே உலோகம் வந்தால் இந்த அதிர்வெண் மாறும்; அந்த மாற்றத்தைத்தான் அளக்கப் போகிறோம். கெபாசிட்டர்கள் பாலிபுரொப்பிலீன் அல்லது என்பிஓ (சூட்டுக்கு மதிப்பு நகராத செராமிக்) வகையாக இருக்கட்டும். மலிவான செராமிக் வட்டுகளின் மதிப்பு கையின் சூட்டுக்கே நகரும். அந்த நகர்வு ஆணியின் அறிகுறியைவிடப் பெரிதாக இருக்கும்.

அதே காரணத்துக்காகச் சுற்றுகள் அசையாதபடி எபாக்சி பசை பூசி இறுக்க வேண்டும். பசை காய்ந்ததும் ப்ரோபை மேசையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். அளவீடு துள்ளினால் ஏதோ ஒரு சுற்று இன்னும் தளர்வாக இருக்கிறது என்று பொருள். கை பட்டாலும் ஈரமான மரத்தைத் தொட்டாலும் அதிர்வெண் மாறாமல் இருக்கக் காயிலுக்கு மேல் மின்கவசம் தேவை. மெல்லிய தாமிரத் தாளை ஒரு சுற்றுச் சுற்றி, ஓரங்கள் ஒன்றையொன்று தொடாமல் நீளவாக்கில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, தாளை சர்க்யூட்டின் கிரவுண்டோடு இணையுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் கவசமே ஷார்ட் ஆன ஒற்றைச் சுற்றாக மாறிக் காயிலின் ஆற்றலை விழுங்கிவிடும்.

பேட்டரியையும் திருகுகளையும் காயிலிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி, பிவிசி குழாயின் மறுமுனையில் வையுங்கள். 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் இருந்த தோட்டாவைத் தேடிய அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் கருவி தோற்றதற்கு, படுக்கைக்குள் இருந்த எஃகுச் சுருள்களும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஒலிக்குக் காந்தமுள்ள ஸ்பீக்கர் வேண்டாம். பீசோ பஸர் போதும். பஸர் ஒலிக்கும்போது மின்னழுத்தம் சரிந்து ஆஸிலேட்டரைத் தள்ளாமல் இருக்க, ஆஸிலேட்டருக்கெனத் தனி 78எல்05 ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் சிப்) கொடுத்துவிடுங்கள்.

இனி அளவீடு. இங்கேதான் பலருடைய ப்ரோப் வீணாகிறது. ஆழத்தில் உள்ள ஆணி அதிர்வெண்ணைச் சில ஹெர்ட்ஸ் மட்டுமே நகர்த்தும். ஆர்டுயினோவில் 100 மில்லிவினாடிக்குள் எத்தனை துடிப்புகள் வந்தன என்று எண்ணினால், ஓர் எண்ணிக்கை என்பதே 10 ஹெர்ட்ஸ். ஆணி கண்ணுக்கே படாது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஆஸிலேட்டரின் வெளியீட்டை 74எச்சி14 சிப் வழியாகச் சதுர அலையாக்கி, சிடி 4040 கவுண்டரால் 4096-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 85 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு விளிம்பு (அலை மேலேறும் கணம்) வரும். அதை ஆர்டுயினோ உனோ போர்டின் 8-ஆம் முனையில் உள்ள இன்புட் கேப்சருக்கு (விளிம்பு வந்த நேரத்தைப் பதியும் வசதிக்கு) கொடுத்து, இரண்டு விளிம்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தால் அளந்தால், 13 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கை கிடைக்கும். அப்போது ஓர் எண்ணிக்கையின் மதிப்பு 0.04 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. டைமர் 16 பிட் மட்டுமே கொண்டது என்பதால், அது நிரம்பி வழியும் ஒவ்வொரு முறையையும் இன்டரப்டில் (அந்தக் கணத்தில் தானாக ஓடும் நிரல்துண்டில்) கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். எத்தனை டிரான்சிஸ்டர்களைக் கூடுதலாகச் சேர்த்தாலும் கிடைக்காத நுட்பம் இந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும்.

ப்ரோபைக் காற்றில் ஒரு நிமிடம் அசையாமல் பிடித்து அளவீடுகளைப் பதிவு செய்து, அவை தாமாக ஏறி இறங்கும் அளவைப் போல மூன்று நான்கு மடங்கைப் பஸர் ஒலிக்கும் எல்லையாக வையுங்கள். மாற்றத்தை இரு திசையிலும் சோதிக்க வேண்டும். இரும்பு ஆணி பொதுவாக அதிர்வெண்ணைக் குறைக்கும், பித்தளைத் திருகு கூட்டும். செட்டிநாட்டு மரத்தில் இரண்டையும் எதிர்பார்க்கலாம். தானாகப் பூச்சியத்துக்குத் திரும்பும் நிரலை மிக மெதுவாக இயங்க விடுங்கள்; வேகமாக இயங்கினால், ஆணியின் மேல் ப்ரோபை நிறுத்திய சில வினாடிகளில் ஒலி அடங்கி, ஆணி இல்லை என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதைவிட, அழுத்தினால் பூச்சியமாக்கும் ஒரு பட்டனையே நான் விரும்புவேன்.

உத்தரத்தின் மேல் ப்ரோபை நட்டுக்குத்தாகப் பிடித்து, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வரிவரியாக நகர்த்துங்கள். நிமிர்ந்து இறங்கிய ஆணி, நேர் மேலே ஒரே வலுவான ஒலியைத் தரும். படுக்கைவாட்டில் கிடக்கும் ஆணி நேர் மேலே மங்கி, இரு முனைகளின் பக்கமும் தனித்தனியாக ஒலிக்கும். அப்படி இரட்டை ஒலி கேட்டால் உத்தரத்தைப் புரட்டி, அடுத்த பக்கத்திலிருந்து தேடுங்கள். அங்கே ஆணியின் முனை ப்ரோபை நோக்கி இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், எங்கே உளி வைக்க வேண்டும் என்பது தெளிவாகும். இழைத்து ஒரு சென்டிமீட்டர் குறைந்ததும் மறுபடி ஒருமுறை தேடிவிட்டே மேலே செல்லுங்கள்.