கேட்டுட்டுப் போனவங்க திரும்பி வரணும்

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு, செம்பனை ஆலை ஆபீஸ்ல கிராணி வேலை. எங்க டவுன சுத்தி ரெண்டு தோட்டம், பக்கத்துல ஒரு மலிவு வீட்டுத் தாமான் இருக்கு. அங்க உள்ள பிள்ளைங்க ஏன் ஃபாரம் மூணு, ஃபாரம் நாலோட நின்னுடுறாங்கன்னு ஆய்வு பண்ணி ஒய்பி (எங்க தொகுதி மக்கள் பிரதிநிதி) ஆபீஸ்லயும் பிபிடிலயும் (மாவட்டக் கல்வி இலாகா) குடுத்துப் பேசலாம்னு எங்க இளைஞர் மன்றத்துல முடிவு பண்ணி, பொறுப்ப எங்கிட்ட குடுத்துட்டாங்க. 40 கேள்வி வச்சு ஒரு தாள் அடிச்சோம். பிள்ளைங்க எல்லாத்துக்கும் "தெரியல", "ஓகே"ன்னு எழுதிட்டு ஓடுறாங்க. பெரியவங்க, "இதுங்களுக்கு என்ன தெரியும், எங்கள கேளு"ங்கிறாங்க. செயலாளர் தீபாவளிக்கு முன்னால படத்தோட ரிப்போர்ட் வேணும்ங்கிறாரு. இதுக்கு நடுவுல ஒரு 13 வயசுப் பையன் தனியா வந்து, அப்பா வயரால அடிக்கிறாரு, தழும்பு தெரியும்னுதான் ஸ்கூலுக்குப் போறதில்ல, யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னான். நானும் சரின்னுட்டேன். ராத்திரி தூக்கமே வரல. என்னக்கா பண்றது?
பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட் வட்டாரம், மலேசியா

தங்கச்சி, ஆய்வு, ரிப்போர்ட் எல்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல அந்தப் பையன். நீ "சரி"ன்னு சொன்னது தப்பான மனசுல சொன்னது இல்ல, ஆனா அந்த வாக்க நீ காப்பாத்த முடியாது, காப்பாத்தவும் கூடாது. இன்னைக்கே அவனப் பாத்து, "தம்பி, நீ சொன்னத நான் மறைச்சு வச்சா உனக்கு யாரும் உதவ முடியாது, அதனால இந்த ஒரு விஷயத்த மட்டும் உதவி பண்ற ஆளுங்ககிட்ட சொல்லப் போறேன், ஊர்ல வேற யார்ட்டயும் சொல்ல மாட்டேன்"னு நேரா சொல்லிடு. அவன் கோவிச்சுக்குவான், அழுவான், பரவால்ல. அப்புறம் தாலியான் காசேங்கிற உதவி லைன் 15999-க்கு போன் போடு, 24 மணி நேரமும் எடுப்பாங்க. உங்க டிஸ்ட்ரிக்ட் ஜேகேஎம் (சமூக நல இலாகா) ஆபீஸ்ல 2001-ம் வருஷத்து பிள்ளைங்க சட்டத்துக்குக் கீழ பாதுகாவலர்னு ஆபீசருங்க இருக்காங்க, கேஸ் அவங்க கைக்குப் போகணும். காயம் புதுசா இருந்தா எதுக்கும் காத்திருக்காம கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போ. டாக்டர் பாத்துட்டு, இது அடிச்ச காயம்னு நம்புனா புகார் பண்ணியே ஆகணும், சட்டம் அப்படித்தான் இருக்கு.

நீ செய்யக்கூடாதது ரெண்டு. அவன திரும்பத் திரும்பக் கேட்டுத் துருவாத, அவன் சொன்ன வார்த்தைய அப்படியே தேதி போட்டு எழுதி வச்சுக்கிட்டா போதும், விசாரிக்கிறது வேற ஆளோட வேலை. அவங்கப்பாகிட்ட போயி நியாயம் கேக்காத, மன்றத்துத் தலைவரையும் கூட்டிட்டுப் போகாத, ஏன்னா நீங்க டீ குடிச்சுட்டு திரும்பி வந்துடுவீங்க, அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல இருக்கப் போறது அவன்தான்.

இத ஏன் மொதல்ல சொல்றேன்னா, பிள்ளைங்ககிட்ட கேள்வி கேக்கப் போற யாரும் இந்த ஏற்பாட்ட முன்னாடியே செஞ்சு வச்சுட்டுத்தான் போகணும். கேட்டா சொல்லுவாங்க. சொன்னா என்ன செய்யப் போறோம்னு தெரியாம கேக்கக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் ஆரம்பத்துலயே, "நீ சொல்றதுல உன் பேர் வராது, ஆனா உனக்கோ வேற பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்"னு சொல்லிடணும். பெத்தவங்ககிட்ட சம்மதம் வாங்கு, அதுக்கு மேல பிள்ளைகிட்டயும் தனியா வாங்கு, "பாதியில எழுந்து போகலாம், யாரும் திட்ட மாட்டோம்"ங்கிறதையும் சேத்து சொல்லு.

பேர் எழுதாட்டி போதும்னும் நெனைக்காத. 60 வீடு இருக்கிற எடத்துல "15 வயசுப் பொண்ணு, அப்பா லோரி டிரைவர், அம்மா இல்ல"ன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி போட்டா, படிக்கிற அத்தன பேருக்கும் அது யாருன்னு தெரிஞ்சுடும். அந்த மாதிரி விவரத்த கலைச்சு எழுது, இல்ல விட்டுடு.

இப்ப அந்த 40 கேள்வி. தங்கச்சி, அது பரீச்சத் தாள் மாதிரி இருக்கு. ஸ்கூல் புடிக்காம நின்ன பிள்ளைகிட்ட போயி இன்னொரு பரீச்ச வச்சா "தெரியல"ன்னுதான் எழுதும், அதுல அதோட தப்பு என்ன இருக்கு சொல்லு. "ஏன் ஸ்கூலுக்கு போகல?"ங்கிற கேள்வியே குத்தம் சொல்ற மாதிரிதான் காதுல விழும். அதுக்கு பதிலா, "நேத்து காலைல எந்திரிச்சதுலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணுன?"ன்னு கேட்டுப் பாரு. நாலர மணிக்கு எந்திரிச்சேன், தம்பிய குளிப்பாட்டுனேன், அம்மா பெரட்டுக்கு (தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுறது) போயிட்டாங்க, பஸ் வரல, வந்த வேன்ல எடமில்ல, லேட்டா போனா கேட்டுல நிக்க வச்சு பேர் எழுதுவாங்க, அதான் போகலன்னு அதுவா வந்துடும். ஆயாக் கொட்டகை இருந்த காலத்துல சின்னதுங்கள அங்க விட்டுட்டு அக்காமாருங்க ஸ்கூலுக்குப் போனாங்க, இப்ப பல தோட்டத்துல அந்தக் கொட்டகை இல்ல, அக்காதான் ஆயா. இதெல்லாம் எந்தக் கட்டத்துல டிக் அடிக்கும் அந்தப் பிள்ளை?

சின்னதுங்கள உக்கார வச்சு தோட்டத்த வரையச் சொல்லு, லயம் (தோட்டத்து வரிசை வீடு), கோயில், கடை, ஆறு, ஸ்கூலுக்குப் போற பாதைன்னு எல்லாத்தையும். எங்க சந்தோஷமா இருக்கும்னு ஒரு கலர், எங்க பயம்னு ஒரு கலர். அப்புறம் அதே பாதையில அவங்க கூட நடந்து போ, அவங்க காட்டுவாங்க, நீ கேக்க வேண்டியதே இல்ல. பெரிய பசங்களுக்கு நான் செய்யிறது மைலோ டின். அஞ்சு டின் வச்சு ஒவ்வொண்ணுலயும் ஒரு பிரச்சன, பஸ் செலவு, பாசா (மலாய்) புரியல, வீட்டு வேலை, கிண்டல் அடிக்கிறாங்க, வேலைக்குப் போகணும்னு ஒட்டி, ஆளுக்கு மூணு ரப்பர் கொட்ட குடுத்து, ஒரு சீலைய மறைப்பா கட்டி ஒவ்வொருத்தரா உள்ள அனுப்புவேன். யார் எதுல போட்டான்னு யாருக்கும் தெரியாது. எண்ணி முடிச்சதும் அங்கயே எல்லாரும் வட்டமா உக்காந்து, "ஏன் இதுல இவ்வளவு விழுந்துச்சு?"ன்னு கேட்டா போதும், அப்புறம் நிறுத்துறதுதான் கஷ்டம். டின்னுல என்ன எழுதணும்னு முடிவு பண்றதையும் அவங்ககிட்டயே விட்டா இன்னும் நல்லது. பொம்பளப் பிள்ளைங்கள தனியா ஒரு நாள் உக்கார வை, சில விஷயம் அண்ணன் தம்பி முன்னால வராது, கக்கூஸ் விஷயம், மாசத்துல அந்த மூணு நாள் ஸ்கூலுக்குப் போகாத விஷயம்.

கூட்டத்துக்கு வராத பிள்ளைங்களத்தான் ரொம்பத் தேடணும். நின்னுட்டு வேலைக்குப் போன பையன் பகல்ல கெடைக்க மாட்டான், ராத்திரி ஒட்டுக்கடையில மங்கு கழுவிட்டு இருப்பான். 15 வயசு ஆகாதவங்களையும், 15-லேர்ந்து 18-க்குள்ள இருக்கிறவங்களையும் என்ன வேலை, எவ்வளவு நேரம் வைக்கலாம்னு 1966-லேயே தனிச் சட்டம் இருக்கு, அத அவனும் கேள்விப்பட்டிருக்க மாட்டான், அவன் முதலாளியும் படிச்சிருக்க மாட்டாரு. கல்யாணம் ஆயிட்ட பொண்ணு இருப்பா. சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) இல்லாம, 12 வயசாகியும் மைகார்ட் (அடையாள அட்டை) எடுக்க முடியாம நிக்கிற பிள்ளை இருக்கும். இப்ப லயத்துல குடியிருக்கிற வெளிநாட்டுத் தொழிலாளிங்களோட பிள்ளைங்களும் அதே மண்ணுலதான் வெளையாடுதுங்க, அதுங்கள விட்டுடாத.

பெரியவங்க சொல்றாங்களே, "இதுங்களுக்கு என்ன தெரியும்"னு, அவங்ககிட்ட சண்ட போடாத. அவங்க சின்ன வயசுல அவங்கள யாரும் கேக்கல, அதான். ஆனா உனக்கு ஒரு பிடி இருக்கு. ஐநா சபை 1989-ல கொண்டு வந்த பிள்ளைங்க உரிமை உடன்படிக்கையில மலேசியா 1995-ல சேந்துச்சு. சில பிரிவுகள ஏத்துக்கலன்னு சொல்லித்தான் சேந்துச்சு, கட்டாய இலவச ஆரம்பக் கல்வி பத்தின வரிகூட அதுல ஒண்ணு (ஆனா 2003-லேர்ந்து ஆரம்பப் பள்ளிய நம்ம நாட்டுச் சட்டமே கட்டாயமாக்கிடுச்சு). 12-வது பிரிவ அப்படி ஒதுக்கல. தன்ன பாதிக்கிற விஷயத்துல பிள்ளை தன் கருத்த சொல்லலாம், அதோட வயசுக்கும் பக்குவத்துக்கும் ஏத்த மதிப்ப அதுக்குக் குடுக்கணும்ங்கிறதுதான் அந்தப் பிரிவு. இத நீ பிபிடிலயும் சொல்லலாம், ஒய்பிகிட்டயும் சொல்லலாம். நோர்வேல 1981-லயே பிள்ளைங்களுக்காகப் பேசுறதுக்குன்னு தனியா ஒரு அதிகாரிய வச்சாங்க. நம்ம நாட்டுல 2019-ல சுஹாகாம்ங்கிற மனித உரிமை ஆணையத்துல பிள்ளைங்களுக்கான ஆணையர்னு மொத தடவையா ஒருத்தர போட்டாங்க. உன் ரிப்போர்ட்டோட ஒரு நகல் அங்கயும் போகட்டும்.

படத்தோட ரிப்போர்ட் வேணும்ங்கிற செயலாளருக்கு இது. ரோஜர் ஹார்ட்னு ஒருத்தர் 1992-ல யுனிசெஃபுக்காக எழுதுனப்ப, பிள்ளைங்க பங்கெடுக்கிறத 8 படி உள்ள ஏணியா காட்டுனாரு. கீழ இருக்கிற மூணு படி, அதாவது பிள்ளைங்கள நம்ம காரியத்துக்கு ஆட்டி வைக்கிறது, அலங்காரத்துக்கு நிக்க வைக்கிறது, பேருக்கு ஒருத்தர உக்கார வைக்கிறது, இது மூணும் பங்கெடுப்பே இல்லன்னாரு. நம்ம ஊர்ல பிள்ளைங்க வரவேற்பு நடனம் ஆடும், மால போடும், பொட்டலம் வாங்கும், படம் எடுத்ததும் வெளிய அனுப்பிட்டு பெரியவங்க கூட்டம் ஆரம்பிப்பாங்க, அது எந்தப் படின்னு செயலாளரையே கேளு. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்துல லாரா லண்டின்னு ஒரு பேராசிரியர், 2007-ல அவங்க சொன்னது எனக்கு இன்னும் பிடிக்கும். பிள்ளைக்குப் பேச ஒரு எடம் வேணும், பேசுறதுக்கு வழி வேணும், அதோட முடியல, முடிவு எடுக்கிற ஆள் உக்காந்து கேக்கணும், கேட்டதால ஏதாவது நடக்கணும். மொத ரெண்ட நீ செய்வ. மூணாவதும் நாலாவதும்தான் எல்லாரும் விட்டுடுறது.

அது எனக்குத் தெரியும், ஏன்னா நானும் லயத்துல வளந்தவ. எனக்கு 11 வயசு இருக்கும்போது ஒரு கூட்டம் தாளும் கேமராவுமா வந்துச்சு. ஒரு அக்கா எங்க வீட்டு வாசப்படியில உக்காந்து, "உனக்கு இங்க என்ன மாறணும்?"னு கேட்டாங்க. அதுவரைக்கும் எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல. லயத்துக்குப் பின்னால கக்கூஸுக்குப் போற வழியில வெளக்கு இல்ல, ராத்திரி பயமா இருக்கு, ஒரு பல்பு போதும்னேன். எழுதிக்கிட்டாங்க, பிஸ்கட் குடுத்தாங்க, படம் புடிச்சாங்க. நான் லயம் பூரா ஓடி, பல்பு போடப் போறாங்கன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். மாசக்கணக்கா ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கம்பத்தப் பாத்துட்டு நின்னேன். யாரும் வரல. முடியாதுன்னாவது வந்து சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷம் வேற கூட்டம் அதே மாதிரி தாளோட வந்துச்சு, நான் "எல்லாம் ஓகே"ன்னு சொல்லிட்டு வெளையாடப் போயிட்டேன். உன் பிள்ளைங்க எழுதுற "ஓகே" எனக்கு எங்கேர்ந்து வருதுன்னு தெரியும் தங்கச்சி.

அதனால ஆய்வத் தொடங்குறதுக்கு முன்னாடியே திரும்பிப் போற தேதிய குறிச்சுடு. 15, 16, 17 வயசுல ஒரு அஞ்சு பேர சேத்துக்கோ, அவங்களே கேக்கட்டும், அவங்களே எண்ணட்டும், அவங்க 18 ஆனதும் ஓட்டுப் போடப் போறவங்க, 2021 டிசம்பர்லேர்ந்து 18 வயசானா தானா பேர் பதிவாகிடுது, ஒய்பிக்கும் அது நல்லாத் தெரியும். ரிப்போர்ட்ட 50 பக்கத்துக்கு எழுதாத. பாசாவுல ரெண்டே பக்கம் எழுதி, எந்த விஷயம் எந்த மேசைக்குன்னு பிரிச்சுக்கோ, ரோட்டு வெளக்குன்னா கவுன்சிலு, கேட்டுல நிக்க வைக்கிறதும் பாசா வகுப்பும்னா ஸ்கூலும் பிபிடியும், லயத்துத் தண்ணின்னா தோட்ட நிர்வாகம், சூராட் பெரானாக்னா ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா). எல்லாத்தையும் ஒரே ஆளுகிட்ட குடுத்தா, "பாக்குறோம்"னு வாங்கி மேசையில வச்சுடுவாங்க. ஒவ்வொரு மேசையிலயும் ஒரே ஒரு வேண்டுகோள், எப்ப பதில் வரும்னு தேதி கேட்டு எழுதிக்கிட்டு வா. கூட்டத்துக்கு அந்த அஞ்சு பேர்ல ரெண்டு பேர கூட்டிட்டுப் போ, முந்தின நாள் கோயில் மண்டபத்துல பேசிப் பழக்கு, அவங்களுக்கு நாக்காலி போட்டிருக்கான்னு மொதல்லயே கேட்டுக்கோ. அவங்க திக்குனா நீ குறுக்க பேசாத, கொஞ்ச நேரம் அமைதியா இரு, வந்துடும்.

திரும்பிப் போற அன்னைக்கு அதே எடம், அதே பிள்ளைங்க. இது நடந்துச்சு, இது நடக்கல, இதுக்கு முடியாதுன்னுட்டாங்க, காரணம் இதுன்னு தமிழ்ல சொல்லு. அம்மா அப்பாவையும் கூப்பிடு. பெரியவங்க மனசு மாறுறத நான் பாத்தது அந்த மாதிரி கூட்டத்துலதான், தன் பிள்ளை எழுந்து நின்னு கணக்கு சொல்றதப் பாக்கும்போது.

செயலாளர்கிட்ட பொங்கல் வரைக்கும் டைம் கேளு. தரமாட்டேன்னா இந்தப் பக்கத்த கிழிச்சு அவர்கிட்ட குடு, அவர் எனக்கு எழுதட்டும், நான் பதில் சொல்றேன். ஆனா அந்தத் தம்பி விஷயத்துக்கு பொங்கலும் இல்ல, தீபாவளியும் இல்ல, இத படிச்சு முடிச்சதும் போன எடு.