மாநாடு, இதழ், உதவித்தொகை: ஆங்கிலம் படிப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆங்கில இலக்கியத்திலும் எழுத்துக்கலையிலும் முதுகலை, முனைவர் பட்டம் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, மாநாட்டு அறிவிப்பெல்லாம் எங்கே வரும்? எங்கள் துறைப் பலகையில் பார்க்கும்போது கடைசித் தேதி முடிந்திருக்கிறது. (எம்.ஏ. முதலாண்டு மாணவி)

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறை கட்டுரை அழைப்புகளுக்கென்றே ஒரு இணையப் பட்டியல் நடத்துகிறது. இலவசம்தான். காலகட்டம், துறை வாரியாகப் பிரித்திருப்பார்கள். முதுகலை மாணவர்களே நடத்தும் மாநாடுகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்து ஹெச்-நெட், அது மனிதவியல் ஆய்வாளர்களுக்கான இணையதளம். இந்த இரண்டையும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

எம்.எல்.ஏ., ஏ.டபிள்யூ.பி., ஃபோர் சீஸ்... இவற்றில் எதற்குப் போகலாம்? (முனைவர் பட்ட இரண்டாமாண்டு)

மூன்றும் அமெரிக்காவில் நடக்கும் பெரிய ஆண்டு மாநாடுகள், வருகிற கூட்டம்தான் வேறு வேறு. எம்.எல்.ஏ. என்பது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன், மொழி இலக்கிய ஆய்வாளர்களுக்காக 1883-இல் தொடங்கிய சங்கம், மாநாடு ஜனவரியில். முன்பெல்லாம் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வு அங்கேதான் நடக்கும், அதனால் எல்லோரும் பயந்துகொண்டே போவார்கள். இப்போது அது பெரும்பாலும் வீடியோ அழைப்புக்கு மாறிவிட்டது. வேலை கிடைக்கும் என்று நம்பி மட்டும் செலவு செய்து போகாதீர்கள். ஃபோர் சீஸ் (CCCC) கல்லூரியில் எழுத்துப் பயிற்சி தருபவர்களின் மாநாடு, 1949-இலிருந்து நடக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுப்பவர், ரெட்டரிக் (பேச்சாலும் எழுத்தாலும் பிறரை இணங்கவைக்கும் கலை) ஆய்வு செய்பவர் என்றால் அதுதான் உங்கள் இடம். ஏ.டபிள்யூ.பி. (AWP) 1967-இல் உருவான சங்கம், கதை கவிதை எழுதுபவர்களுக்கானது. அதில் அமர்வுகளைவிடப் புத்தகச் சந்தைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். சிற்றிதழ் ஆசிரியர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். இதழை வாங்கிப் புரட்டிவிட்டுப் பேசலாம்.

என்னைக் கேட்டால், முதல் அனுபவத்துக்கு இந்த மூன்றுமே கொஞ்சம் பெரிசு. அமெரிக்க ஒப்பிலக்கியச் சங்கமான ஏ.சி.எல்.ஏ.வின் மாநாட்டில் ஏறக்குறைய பத்துப் பேர் கொண்ட ஒரே குழு இரண்டு மூன்று நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசும். ஷேக்ஸ்பியர் அசோசியேஷன் கருத்தரங்குகளில் கட்டுரைகளை முன்கூட்டியே சுற்றுக்கு விட்டுவிடுவார்கள், எதிரில் இருப்பவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வந்திருப்பார். ஆய்வேட்டின் பிற்பகுதியில் இருக்கும் முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். காலை எட்டரை மணி அமர்வில் நாலு பேர் முன்னால் வாசித்துவிட்டு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

முந்நூறு வார்த்தையில் அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரைச் சுருக்கம்) கேட்கிறார்கள். கட்டுரையே இன்னும் எழுதவில்லையே, எதை அனுப்புவது?

கட்டுரை முடிந்த பிறகு அப்ஸ்ட்ராக்ட் அனுப்புகிறவர் குறைவு, கவலைப்படாதீர்கள். ஆனால் வாதம் கையில் இருக்க வேண்டும். பிராம் ஸ்டோக்கரின் நாவலைப் பற்றி "டிராகுலாவில் தொழில்நுட்பம் ஆராயப்படுகிறது" என்று எழுதினால், படிப்பவருக்கு உங்கள் தலைப்பு தெரியும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியாது. "டிராகுலாவில் கடைசியில் மிஞ்சுவது மூல ஆவணங்கள் இல்லை, தட்டச்சுப் படிகளே, ஆகவே நாவல் நம்மை நம்பச் சொல்கிற சாட்சியம் முழுவதும் நாயகி மீனாவின் தட்டச்சு உழைப்பில் நிற்கிறது" என்று எழுதிப் பாருங்கள். மறுக்கவும் இடம் இருக்கிறது, கேட்கவும் தோன்றுகிறது.

முதல் இரண்டு வாக்கியத்துக்குள் இது வந்துவிட வேண்டும். பிறகு, இதுவரை மற்றவர்கள் சொன்னதிலிருந்து நீங்கள் எங்கே விலகுகிறீர்கள் என்று ஓரிரு வாக்கியம். எந்தப் பகுதியை நெருக்கமாக வாசிக்கப்போகிறீர்கள் என்று இன்னொன்று. கோட்பாட்டாளர் பெயர்களை வரிசையாக அடுக்க வேண்டாம். ஒருவர் போதும், அவரும் வாதத்துக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால்தான். அழைப்பில் உள்ள சொற்களை அப்படியே திருப்பி எழுதுவதும் வேண்டாம். அதை எழுதியவரேதான் வாசிக்கப்போகிறார்!

"மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று ஒரு சர்வதேச இதழிலிருந்து மெயில் வந்தது. ஒரு வாரத்தில் வெளியிடுவார்களாம், கட்டணம் மட்டும் கட்டச் சொல்கிறார்கள். (எம்.ஃபில். முடித்தவர்)

கட்டாதீர்கள். ஒழுங்கான பீர் ரிவியூவுக்கு, அதாவது அந்தத் துறை அறிஞர்கள் கட்டுரையைப் படித்து மதிப்பிடுவதற்கு, மாதக்கணக்கில் ஆகும். இலக்கிய ஆய்வில் பேர்பெற்ற இதழ்கள் பெரும்பாலும் கட்டுரையாளரிடம் பணம் வாங்குவதில்லை. 'திங்க் செக் சப்மிட்' என்ற இலவசச் சரிபார்ப்புப் பட்டியலில் அந்த இதழை வைத்துப் பாருங்கள். அதைவிடச் சுலபமான சோதனை ஒன்று: உங்கள் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் அந்த இதழ் ஒருமுறையாவது வந்திருக்கிறதா? பொறியியல், மருத்துவம், இலக்கியம் எல்லாவற்றையும் ஒரே மண்டபத்தில் நடத்தும் "உலக மாநாடு"களுக்கும் இதே பதில்தான்.

பயணச் செலவுக்கு என்ன வழி?

முதலில் துறை, அடுத்து பல்கலைக்கழகம், மூன்றாவதாக மாநாட்டை நடத்தும் சங்கம். ஃபோர் சீஸில், போதிய வாய்ப்புக் கிடைக்காத சமூகங்களிலிருந்து முதன்முறை கட்டுரை வாசிக்க வருபவர்களுக்கு 'ஸ்காலர்ஸ் ஃபார் தி ட்ரீம்' என்ற பயண விருது உண்டு. பல இடங்களில் நாம் செலவழித்த பிறகே பணம் திரும்பி வரும். முன்பணம் கிடைக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தானாக வந்து சொல்வதில்லை.

நான் ஆய்வாளர் இல்லை, சிறுகதை எழுதுகிறேன். போட்டி என்றாலே நுழைவுக் கட்டணம் கேட்கிறார்களே? (எழுத்துக்கலையில் எம்.எஃப்.ஏ. முதுகலை மாணவர்)

கட்டணம் கேட்பதெல்லாம் மோசடி இல்லை, சில சிற்றிதழ்கள் அதை வைத்துத்தான் உயிரோடு இருக்கின்றன. முன்பு வென்ற கதைகளைப் படியுங்கள். பிடிக்கவில்லையென்றால் பணம் கட்ட என்ன காரணம் இருக்கிறது?

இலவசமாகவும் நல்லவை உண்டு. காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குக் கட்டணம் கிடையாது. காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக, 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அச்சேறாத கதை, 2,000 முதல் 5,000 சொற்களுக்குள். தமிழிலேயே எழுதி அனுப்பலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எழுத்தாளர்களுக்குத் தரும் ஸ்டெக்னர் ஃபெலோஷிப் (உதவித்தொகை) இரண்டு ஆண்டு. பட்டம் தரமாட்டார்கள், விண்ணப்பிக்கப் பட்டமும் தேவையில்லை. ஆண்டுக்குப் புனைகதைக்கு ஐவர், கவிதைக்கு ஐவர்தான், அதனால் அதை மட்டுமே நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

ஒரே கதையைப் பல இதழ்களுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதழின் விதி அனுமதித்தால் தாராளமாக. ஒன்றில் ஏற்றுக்கொண்டதும் மற்றவற்றுக்கு அன்றே சொல்லிவிடுங்கள். படைப்புகளை இணையத்தில் அனுப்பும் தளமான சப்மிட்டபிளில் ஒரு பொத்தான் அழுத்தும் வேலைதான், ஆனாலும் பலர் செய்வதில்லை.

ஆவணக் காப்பக ஃபெலோஷிப்புக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை.

டெக்சாஸில் இருக்கும் ஹாரி ரான்சம் மையமானாலும் சிகாகோவின் நியூபெரி நூலகமானாலும் தேர்வுக்குழு தேடுவது ஒன்றைத்தான்: நேரில் வந்தே ஆக வேண்டிய காரணம். சேகரிப்பின் விவரப்பட்டியல் இணையத்தில் இருக்கிறது. எந்தப் பெட்டி, எந்தக் கோப்பு, அதில் என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எந்த அத்தியாயத்துக்கு அது வேண்டும் என்று எழுதுங்கள். "தங்கள் வளமான சேகரிப்பு" என்ற புகழ்ச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெட்டி எண்ணைப் போடுங்கள்.

மொழிபெயர்ப்பில் ஆசை இருக்கிறது. கைடு "அது ஆய்வு ஆகாது" என்கிறார்.

கைடிடம் சண்டை வேண்டாம், விடுமுறையில் செய்யுங்கள். 1978-இல் தொடங்கிய அமெரிக்க இலக்கிய மொழிபெயர்ப்பாளர் சங்கம், ஆல்டா, புதியவர்களுக்கு வழிகாட்டித் திட்டமும் மாநாட்டுப் பயண உதவியும் வைத்திருக்கிறது. மாதிரிப் பக்கங்களைத் தயார் செய்யும்போதே மூல ஆசிரியரின் உரிமையைப் பற்றியும் கேட்டு வைத்துவிடுங்கள்.

வருடத்துக்கு எத்தனை மாநாடு போகலாம், மேடம்?

ஒன்று.

நிராகரிக்கப்பட்ட அப்ஸ்ட்ராக்டை வேறு மாநாட்டுக்கு அனுப்பினால் தப்பா?

தப்பே இல்லை. ஆனால் கோப்பின் பெயரையும் முதல் பத்தியையும் மாற்றுங்கள், பழைய மாநாட்டின் பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.