டிவி காட்டியதும் ஓட்டு விழுந்ததும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்கான 2025 ஜூன் 8 டோனி விருது விழாவை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். 'ஜிப்சி'யின் கடைசிப் பாட்டை ஆட்ரா மெக்டொனால்ட் பாடி முடித்ததும் அரங்கம் எழுந்து நின்றது. எங்கள் வீட்டு சோபாவும்தான். கடைசியில் சிறந்த நடிகை விருது 'சன்செட் பூலவார்ட்' நிக்கோல் ஷெர்ஸிங்கருக்குப் போனது. மகள் ரிமோட்டை வீசிவிட்டாள். மறுநாள் இணையம் முழுக்க இதே சண்டை. பாதிப் பேர் அநியாயம் என்றார்கள், பாதிப் பேர் சரியான தீர்ப்பு என்றார்கள்.

நாங்கள் நேரில் பார்த்தது 'டெத் பிகம்ஸ் ஹெர்' ஒன்றுதான். ஜனம் வயிறு வலிக்கச் சிரித்தது. பத்துப் பரிந்துரை வாங்கிய அந்த நாடகத்துக்கு ஒரே ஒரு விருது, அதுவும் உடைக்கு. இதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்து நடப்பதா? அடுத்த கோடையில் அண்ணன் குடும்பம் கோவையிலிருந்து வருகிறது. விருதை நம்பி டிக்கெட் எடுக்கலாமா?

அன்புடன்,
ர., எடிசன்

அன்புள்ள ர.,

முதலில் அந்த ரிமோட் விஷயம். டோனி ஓட்டுப்பதிவு விழாவுக்கு முன்பே முடிந்துவிடும். அன்றிரவு மேடையில் யார் எப்படிப் பாடினாலும் உறைக்குள் இருக்கும் பெயர் மாறாது. அந்தப் பாட்டுகள் டிக்கெட் விற்பதற்கான விளம்பரம். மேடையேற்றும் செலவில் பெரும்பகுதியையும் அந்தந்த நாடகத்தின் தயாரிப்பாளர்களே ஏற்கிறார்கள்.

எழுந்து நின்ற கூட்டமும் நீதிபதிகள் கூட்டம் இல்லை. விழா நடந்த ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் ஏறக்குறைய 6000 இருக்கைகள். டோனி வாக்காளர்கள் 800 பேருக்குச் சற்று மேல். அத்தனை வாக்காளர்களும் வந்து உட்கார்ந்திருந்தால்கூட ஏழு பேரில் ஆறு பேருக்கு ஓட்டுக் கிடையாது. மேல்மாடங்களில் காசு கொடுத்து வந்த ரசிகர்கள்தான் அதிகம், கூச்சலும் அங்கிருந்துதான்.

இனி நீங்கள் கேட்ட இருவர். இங்கே டிவி ஒரு வேடிக்கை செய்துவிட்டது. 'சன்செட்'டை ஜேமி லாய்ட் இயக்கிய விதம் தெரிந்தால் புரியும். மாளிகை கிடையாது, மாடிப்படி கிடையாது, மேடை கிட்டத்தட்ட வெறுமை. நடிகர்கள் பின்னாலேயே கேமரா போகும். முகம் பின்திரையில் ராட்சத அளவில் விழும். வாய்ப்பிழந்த பழைய சினிமா நடிகையின் கதை அது. 1,600-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் நிக்கோலின் கண்ணிமை துடிப்பது தெரியும். பெரும்பாலான மேடை நாடகங்களில் கிடைக்காத அந்த குளோசப்தான் அந்தத் தயாரிப்பின் உயிர். ஆனால் டிவியில் எல்லோருக்குமே குளோசப் உண்டு! அந்த உத்தி அங்கே செத்துப்போகிறது. மிஞ்சியது, ஒரு பெண் கறுப்பு உடையில் நின்று ஒரு பாட்டுப் பாடினாள் என்பது மட்டும்.

ஆட்ராவுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 'ஜிப்சி' நடந்த மெஜஸ்டிக்கும் அதே அளவு பெரிய அரங்கம், அங்கே திரை கிடையாது. மாடத்திலிருந்து பார்த்தால் நடிகை கட்டைவிரல் உயரம். அந்தக் கடைசிப் பாட்டில் தாய் உடைந்துபோகும் கணம், கழுத்து நரம்பு, கண்ணீர் எல்லாம் முன்வரிசைக்காரர்களுக்கு மட்டுமே துல்லியமாகக் கிடைத்தவை. டிவி அதை உங்கள் சோபாவுக்கே கொண்டுவந்துவிட்டது. நீங்கள் பார்த்தது ஆட்ராவின் மிகச் சிறந்த நான்கு நிமிடம். வாக்காளர் பார்த்தது முழு நாடகம், ஒருவேளை மாடத்திலிருந்து, ஒருவேளை குளிர்கால நடுவில்.

குரல் பற்றியும் ஒரு சச்சரவு இருந்தது. 'ஜிப்சி'யில் ஆட்ரா நடித்த தாய் ரோஸ் பாத்திரம் 1959-இல் எதெல் மெர்மனின் எக்காளக் குரலுக்காக எழுதப்பட்டது. நெஞ்சிலிருந்து நேராக எறியும் குரல் அது. ஆட்ரா ஜூலியார்டில் சாஸ்திரிய முறையில் பயின்ற சொப்ரானோ, அதாவது உச்சஸ்தாயிப் பெண்குரல். உச்சத்தில் அவர் தலைக்குரலுக்கு மாறும் இடங்களைச் சிலர் குறையாகக் கேட்டார்கள், சிலர் அந்தத் தாயின் உள்ளே இருக்கும் உடைசலாகக் கேட்டார்கள். என் காது இரண்டாம் கட்சி. ஆனால் முதல் கட்சியைக் காது கேளாதவர்கள் என்று திட்ட மாட்டேன்.

அந்தப் பாத்திரத்துக்கு இப்படியொரு ஜாதகமும் உண்டு. 1960-இல் மெர்மனே தோற்றார். 2003-இல் பெர்னடெட் பீட்டர்ஸ் தோற்றார். ஏஞ்சலா லான்ஸ்பரி, டைன் டேலி, பாட்டி லுபோன் மூவரும் வென்றார்கள். பிராட்வேயில் ரோஸாக நின்று டோனிப் பரிந்துரை பெற்ற ஆறு பேரில் மூவருக்கு விருது, மூவருக்கு இல்லை. நிக்கோலும் திடீரென்று குதித்தவர் இல்லை. இதே வேடத்துக்காக 2024-இல் லண்டனில் ஆலிவியர் விருது வாங்கியவர். டோனிக்கு முந்தைய வாரங்களில், நியூயார்க்கின் இன்னொரு நாடக விருதான டிராமா லீக் நிக்கோலுக்குப் போனது. டிராமா டெஸ்க் அமைப்பு தன் விருதை ஆட்ராவுக்கும் 'பூப்!' நாயகி ஜாஸ்மின் ஏமி ராஜர்ஸுக்கும் கொடுத்தது. போட்டி நெருக்கமாக இருந்தது என்பதற்கு இது போதும்.

பேசிவைத்து நடப்பதா என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணிக்கை முறையைப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். அதிக ஓட்டு வாங்கியவருக்கு விருது, அவ்வளவுதான். பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதி இல்லை, இரண்டாம் சுற்றும் இல்லை. ஐந்து பேர் போட்டியில் 800 ஓட்டு சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 160. 161 வாங்கியவர் மேடையேறுவார், மற்ற 639 பேர் வேறு யாரையோ விரும்பியிருப்பார்கள். நிஜத்தில் எண்ணிக்கை இன்னும் குறையும், ஏனென்றால் ஒரு பிரிவில் பரிந்துரை பெற்ற எல்லாவற்றையும் பார்த்தவர்தான் அந்தப் பிரிவில் வாக்களிக்கலாம். யாருக்கு எத்தனை ஓட்டு என்று வெளியிடுவதும் இல்லை. ஒரு ஓட்டில் தோற்றாலும் நூறு ஓட்டில் தோற்றாலும் வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும். கோபம் இவ்வளவு பெருகுவதற்கு இந்த மூடுமந்திரமும் ஒரு காரணம் என்பேன்.

உங்கள் 'டெத் பிகம்ஸ் ஹெர்' அடிபட்டது இந்தக் கணக்கில்தான். சிறந்த நடிகைப் பிரிவின் ஐந்து பேரில் இருவர், மேகன் ஹில்டியும் ஜெனிஃபர் சிமார்டும், அந்த ஒரே நாடகத்தின் இரட்டை நாயகிகள். அந்த நாடகத்தை நேசித்தவர்களின் ஓட்டு இரண்டாகக் கிழியாமல் எப்படி இருக்கும்?

பத்துப் பரிந்துரை வாங்கி ஒன்றில் நிற்பதும் அதிசயம் இல்லை. பரிந்துரைப்பது வேறு குழு, சில டஜன் பேர் கொண்டது. அவர்கள் ஒரு பிரிவில் ஐந்து பெயர் எழுதலாம். எல்லாவற்றிலும் இரண்டாவதாக வரக்கூடிய நாடகம் அங்கே பத்துப் பன்னிரண்டு பரிந்துரை அள்ளும். இறுதி ஓட்டில் ஒரு பெயர்தான். 1976-இல் 'சிகாகோ' 11 பரிந்துரையோடு போய் வெறுங்கையோடு திரும்பியது, 'எ கோரஸ் லைன்' ஒன்பது விருதை வாரிக்கொண்டது. 2011-இல் 'தி ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ்' 12-க்குப் பூஜ்யம். கோவிட்டால் தள்ளிப்போய் 2021 செப்டம்பரில் நடந்த விழாவில் 'ஸ்லேவ் ப்ளே'யும் 12-க்குப் பூஜ்யம். 'சிகாகோ' பிறகு 1996-இல் மறுபடி மேடையேறி, அடுத்த ஆண்டு ஆறு டோனி வாங்கி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அதுவும் உடைக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இழுப்புக்கு ஒரு சின்ன சண்டை போடுகிறேன். அந்த உடைகளை வடிவமைத்த பால் டாஸ்வெல் அந்த ஆண்டு 'விக்கெட்' படத்துக்காக ஆஸ்கரும் வாங்கியவர். மேடை உடை என்பது வாரம் எட்டுக் காட்சி வியர்வையைத் தாங்க வேண்டும். முன்பக்கம் வரிசையாகப் பொத்தான் தெரியும், உண்மையில் முதுகில் ஒரே ஜிப்பு. மேடையோர இருட்டில் உதவியாளர்கள் இரண்டு பேர் அரை நிமிடத்தில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பூட்ட வேண்டும். மைக்கின் பெட்டிக்கு உள்ளே பை தைக்க வேண்டும், ஆடும்போது அது துருத்தக் கூடாது. நீங்கள் சிரித்த பல இடங்களில் சிரிப்பு நேரத்துக்கு வந்ததே அந்த ஜிப்பு நேரத்துக்கு ஏறியதால்தான். வடிவமைப்பு விருதுகளில் பெரும்பாலானவற்றைப் பிரதான ஒளிபரப்புக்கு முந்தைய நிகழ்ச்சியில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். பார்க்காத விருது சின்னதாகத்தான் தெரியும்.

கூச்சல் போட்டால் பலன் உண்டா என்றால், எதற்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பெயருக்காகப் போட்டால் பலனில்லை. 1996-இல் 'விக்டர்/விக்டோரியா'வுக்கு ஜூலி ஆண்ட்ரூஸின் நடிப்பைத் தவிர வேறு எந்தப் பரிந்துரையும் வரவில்லை. அவர் மதியக் காட்சி முடிந்ததும் ரசிகர்கள் முன்பாகவே, தன் குழு புறக்கணிக்கப்பட்டதால் இந்தப் பரிந்துரை வேண்டாம் என்று அறிவித்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. விருது 'தி கிங் அண்ட் ஐ'யின் டோனா மர்ஃபிக்குப் போனது.

விதிக்காகப் போட்ட கூச்சல் ஒன்று ஜெயித்திருக்கிறது. 2014-இல் ஒலி வடிவமைப்பு விருதையே டோனி நிர்வாகக் குழு தூக்கிவிட்டது. வாக்காளர்கள் பலருக்கு ஒலியமைப்பை எடைபோடத் தெரியவில்லை என்பது பேசப்பட்ட காரணம். நியாயமான சங்கடம்தான். ஒலி நன்றாக இருந்தால் யாருக்கும் தெரியாது, கெட்டால்தான் தெரியும். ஆனால் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதை விட்டு விருதை ஒழிப்பது என்ன நியாயம்? ஒலிக்கலைஞர்கள் கையெழுத்து திரட்டினார்கள், ஆயிரக்கணக்கில் சேர்ந்தது. 2017-18 பருவத்திலிருந்து விருது திரும்ப வந்தது, அந்தத் துறை அறிந்த வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போடும் ஏற்பாட்டோடு. கேள்வி ஆட்ராவா நிக்கோலா என்பதைவிட, யார் எதற்கு ஓட்டுப் போடலாம் என்பதில் இருந்தால் அசைவு வருகிறது.

யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதில் சுயநலமும் கலந்திருக்கிறது, மறைக்க வேண்டாம். நடிகர், நாடகாசிரியர், இயக்குநர், வடிவமைப்பாளர் சங்கங்களின் நிர்வாகிகள், சில விமர்சகர்கள் ஆகியோரோடு பிராட்வே லீக் உறுப்பினர்களும் வாக்காளர்கள். லீக்கில் தயாரிப்பாளர்களும், வெளியூர்களில் அரங்கம் வைத்து பிராட்வே நாடகங்களை வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள். தங்கள் ஊரில் ஓடக்கூடியதை அவர்கள் விரும்புவது இயல்பு. 2004-இல் பிரம்மாண்டமான 'விக்கெட்'டை, சுமார் 800 இருக்கை அரங்கில் கைப்பொம்மைகளோடு நடந்த 'அவென்யூ க்யூ' தோற்கடித்தது. மனசு சொல்வதற்கு ஓட்டுப் போடுங்கள் என்பது 'அவென்யூ க்யூ'காரர்களின் பிரசாரம். வென்ற கையோடு, ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போகாமல் லாஸ் வேகாஸில் தங்கப்போவதாக அறிவித்தார்கள். ஓட்டுப் போட்ட வெளியூர் அரங்கக்காரர்கள் கொதித்துப்போனார்கள். வேகாஸ் ஆட்டம் ஒரு வருடம்கூட நிலைக்காமல் 2006-இல் மூடியது. தோற்ற 'விக்கெட்' கெர்ஷ்வின் அரங்கில் இன்றும் நிரம்புகிறது.

இனி அண்ணன் குடும்பத்துக்கு டிக்கெட்.

விருதைப் பார்த்து வாங்குங்கள், ஆனால் தலைகீழாக. சிறந்த மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம், என்ற விருது வாங்கியது உடனே எங்கும் போகாது, விலை மட்டும் ஏறும். 2025-இல் ஆறு விருது வாங்கிய 'மேபி ஹாப்பி எண்டிங்', முந்தைய நவம்பரில் ஆரம்பித்தபோது இருக்கை நிரம்பாமல் தடுமாறியது. அப்போது போனவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வெறுங்கையோடு திரும்பியவைதான் அவசரம். ஒரு மியூசிக்கலை ஓட்ட வாரத்துக்குப் பல லட்சம் டாலர் வேண்டும். விருதை நம்பிக் கடனில் ஓடியவை ஜூனிலேயே விழுந்துவிடும். 2025 விழா முடிந்த மூன்று வாரத்துக்குள் 'ஸ்மாஷ்', 'ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்', 'டெட் அவுட்லா' மூன்றும் மூடின. ஜாஸ்மின் ராஜர்ஸின் 'பூப்!' ஜூலை 13-இல் மூடியது. நீங்கள் சண்டை போட்ட இரண்டும் கோடை தாண்டவில்லை, 'சன்செட்' ஜூலையிலும் 'ஜிப்சி' ஆகஸ்ட் 17-இலும் முடிந்தன.

ஆகவே ஜூன் நடுவில் வருகிறார்கள் என்றால், மூடும் தேதி அறிவித்தவற்றில் பிடித்ததை முதலில் பாருங்கள். டைம்ஸ் ஸ்குவேர் சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே உள்ள டிகேடிஎஸ் கவுன்டரில் அன்றைய காட்சிக்கான டிக்கெட் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். விருது வாங்கியதற்கு, மலிவு டிக்கெட்டுக்கான ஆன்லைன் லாட்டரியில் தினம் பெயர் போடுங்கள், அந்த வேலையை மகளிடம் விடுங்கள். குறிப்பிட்ட நடிகருக்காகப் போவதானால், அவர் அந்த வாரம் விடுப்பில் இல்லை என்று நாடகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். உள்ளே போனதும் அரங்கில் கொடுக்கும் பிளேபில் கையேட்டைத் திறந்து, சின்னக் காகிதத் துண்டு ஏதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்று இந்த வேடத்தில் இன்னார் என்று அதில் இருக்கும். மாற்று நடிகர் என்று முகம் சுளித்து அண்ணன் எழுந்துவிடப் போகிறார், பிடித்து உட்கார வையுங்கள்.