காளான் படிப்பும் அமாகோவே கறியும்: வாசகர் கேள்வி – பதில்

என் மகள் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டு ஹானர்ஸ் மேற்படிப்பில் பூஞ்சைகளைப் பற்றித்தான் ஆய்வு செய்வேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "ஆஸ்பத்திரிக்கு உதவாத படிப்பு" என்கிறார் அவள் மாமா. எனக்கும் கலக்கமாக இருக்கிறது.
— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

கலங்காதீர்கள் அம்மா. நான் வேலைக்காலம் முழுக்க டர்பனில் ஆஸ்பத்திரி லேபில், பூஞ்சைப் பிரிவில் இருந்தவள். நோயாளியின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் ஒரு சொட்டு, இந்தியா இங்க் என்ற கறுப்பு மை ஒரு சொட்டு. இரண்டையும் கண்ணாடித் தகட்டில் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். கறுப்புக்கு நடுவே வெள்ளை வளையம் சூழ்ந்த உருண்டைகள் தெரிந்தால் அது கிரிப்டோகாக்கஸ். எச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் மூளையுறையைத் தாக்கும் பூஞ்சை. உடனே வார்டுக்கு போன் செய்வோம், ஏனென்றால் அந்த நோயில் ஒரு நாள் தாமதமும் உயிரைக் கேட்கும்.

2016 முதல் நம் தென்னாப்பிரிக்காவின் அரசு லேபுகளில், சி.டி.4 எண்ணிக்கை (எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்களின் கணக்கு) மிகவும் குறைந்துபோனவர்களின் ரத்தத்தில், டாக்டர் கேட்காமலே இந்தப் பூஞ்சையைத் தேடிப் பார்க்கிறார்கள். தலைவலி வருவதற்கு முன்பே பிடித்துவிடலாம். தென்னாப்பிரிக்கா உட்பட 5 ஆப்பிரிக்க நாடுகளில் இந்த மூளையுறை நோய்க்கு நடந்த சிகிச்சை ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தினமும் ஏற்றுவதற்குப் பதிலாக, லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்பு உறைக்குள் வைத்து முதல் நாளே ஒரே பெரிய டோஸாகக் கொடுத்து, கூடவே இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தாலும் பலன் குறையவில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் மனிதரைத் தாக்கும் 19 பூஞ்சைகளின் முதல் பட்டியலை வெளியிட்டு, அவற்றில் நான்கை மிக அவசரமானவை என்றது. கிரிப்டோகாக்கஸ் அந்த நான்கில் ஒன்று. இது ஆஸ்பத்திரிக்கு உதவாத படிப்பா, மாமாவே சொல்லட்டும்.

மாமா கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரா? ஸ்டாட்டின் வகை மருந்துகளில் முதலாவதை 1970-களில் ஜப்பானியரான அகிரா எண்டோ பிரித்தெடுத்தது ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்துதான். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது.

அப்புறம், இந்தத் துறையில் காடு வேறு, ஆஸ்பத்திரி வேறு என்று பிரிக்கவே முடியாது. 1940-களின் தொடக்கத்தில் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் ஏறக்குறைய 3,000 தொழிலாளர்களுக்குக் கையிலும் காலிலும் புண் வந்தது. சுரங்கக் கூரையைத் தாங்க நிறுத்திய மரக்கட்டைகளில் ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. கட்டை உரசிய கீறல் வழியாகத் தோலுக்குள் போயிற்று. மனிதருக்குப் பொட்டாசியம் அயோடைடு கொடுத்தார்கள், மரத்துக்கும் மருந்து போட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்த பிறகுதான் நோய் அடங்கியது. கட்டையைப் பார்க்காமல் புண்ணை மட்டும் பார்த்திருந்தால் புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்திருப்பார்கள். 2013-ல் கேப் டவுன் மருத்துவர்கள் எழுதிய நோயும் அப்படித்தான். உடம்பெல்லாம் தோல் புண், நுரையீரலிலும் பாதிப்பு. பலருக்கு டி.பி. என்றே சிகிச்சை நடந்திருந்தது. பின்னால் எமர்கோமைசஸ் ஆப்பிரிக்கானஸ் என்று பெயர் வைத்த அந்தப் பூஞ்சையின் தடயம் மண்ணிலும் காற்றிலும் கிடைத்தது. இப்படித் தேடுவதற்கு உங்கள் மகளைப் போன்றவர்கள் வேண்டும்.

ஒன்று மட்டும் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரி லேபில் நோயறியும் வேலைக்கு ஹானர்ஸ் பட்டம் மட்டும் போதாது. அதற்கான பயிற்சியும், மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.யில் பதிவும் வேண்டும். அந்த வழியைக் கடைசி வருஷத்துக்குள்ளேயே விசாரித்து வைப்பது நல்லது.

சின்ன ஆய்வு ஒன்று செய்ய வேண்டும். பணமும் இல்லை, பெரிய கருவியும் இல்லை. பூஞ்சையில் எதை எடுக்கலாம்?
— கல்லூரி மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, உங்கள் ஊர் தாவரவியல் பூங்காவுக்குப் போய்வாருங்கள். 2017-ல் அங்கேதான் பிளேன் மரங்களில் ஒரு வண்டைக் கண்டுபிடித்தார்கள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது, எள்ளளவுதான் இருக்கும். அது மரத்தைத் தின்பதில்லை. துளை போட்டு, கூடவே கொண்டுவந்த ஃபியூசேரியம் பூஞ்சையை உள்ளே பயிர் செய்து அதைத்தான் தின்கிறது. பூஞ்சை பரவி நீர் ஏறும் குழாய்களை அடைக்க, மரம் சாகிறது. உங்கள் தெருவில் எந்த மரங்களில் துளை இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டாலே உருப்படியான வேலை.

லேபுக்குள் செய்ய வேண்டுமென்றால் இலை போதும். நோயில்லாத பச்சை இலைக்குள்ளும் பூஞ்சைகள் சத்தமில்லாமல் குடியிருக்கின்றன. கோயில் வளவில் வேப்பமரம் இருந்தால் அதன் இலையை எடுங்கள். நன்றாகக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்து, பிறகு நீர்த்த பிளீச்சில் போட்டு, கிருமி நீக்கிய தண்ணீரில் அலசி, துண்டாக நறுக்கி உருளைக்கிழங்கு அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழில்) வையுங்கள். ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகார். இன்னொரு தட்டில், இதே முறையில் எல்லாவற்றிலும் கழுவி அலசிய முழு இலையை ஒற்றி எடுத்துவிடுங்கள். அந்தத் தட்டில் எதுவும் வளராவிட்டால்தான், மற்றதில் வளர்ந்தது இலைக்குள்ளிருந்து வந்தது என்று சொல்லலாம். பல மாணவர்கள் இந்த ஒரு தட்டை வைக்க மறந்து, மொத்த வேலையையும் நம்ப முடியாததாக்கி விடுகிறார்கள்.

அந்தப் பூஞ்சையைப் பாக்டீரியா பூசிய தட்டில் வைத்து, அதைச் சுற்றி பாக்டீரியா வளராமல் ஒரு வட்டம் விழுந்தால் மகிழ்ச்சியாக இருக்கும், தெரியும். ஆனால் "மருந்து கண்டுபிடித்தேன்" என்று எழுதாதீர்கள். தட்டில் பாக்டீரியாவைக் கொல்வது உடம்பில் மனிதனையும் கொல்லலாம். தட்டுகளை டேப் ஒட்டி மூடி வையுங்கள், மூக்கருகே கொண்டுபோகவே கூடாது. மண்ணிலிருந்து எடுத்ததை 37 டிகிரியில் வளர்ப்பது, பாதுகாப்பு கேபினெட் இல்லாத கல்லூரி லேபில் வேண்டாம். எமர்கோமைசஸ் போன்றவை உடம்புச் சூட்டில்தான் நோய் தரும் உருவத்துக்கு மாறுகின்றன.

மழைக்குப் பின் ரோட்டோரத்தில் அமாகோவே காளான் விற்கிறார்கள். எங்கள் வீட்டுப் புல்தரையிலும் அதேபோல் பெரிய வெள்ளைக் குடைகள் முளைத்திருக்கின்றன. கறி வைக்கலாமா?
— வாசகி, தோங்காட்

வேண்டாம் அக்கா. அமாகோவே கரையான் வளர்க்கும் காளான். கரையான் தின்று கழித்த இலைதழையின் மேல் புற்றுக்குள் அது வளரும். பூஞ்சை அந்த நாரை மென்மையாக்கித் தர, கரையான் அதைத் தின்னும். சுமார் 3 கோடி ஆண்டுகளாக ஆப்பிரிக்க மண்ணில் நடக்கும் விவசாயம் இது. கரையான் இல்லாமல் இந்தக் காளானைத் தோட்டத்தில் பயிர் செய்ய இன்னும் முடியவில்லை. அதனால்தான் மழைக்குக் காத்திருந்து, ரோட்டோரத்தில் அந்த விலை கொடுத்து வாங்குகிறோம். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கினால் எங்கள் வீட்டில் இறைச்சியை யாரும் தேடமாட்டார்கள்.

உங்கள் புல்தரையில் இருப்பது பெரும்பாலும் குளோரோஃபில்லம் என்ற நச்சுக்காளான். இளசாக இருக்கும்போது அதுவும் வெள்ளைதான். அமாகோவேக்கு அடித்தண்டு வேர்போல நீண்டு மண்ணுக்குள் புற்றுவரை போகும், இதற்கு அது கிடையாது. குடையை வெட்டி, அடிப்பக்க மடிப்புகள் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் இரவு முழுக்க வைத்தால், அமாகோவேயின் பொடி இளஞ்சிவப்பாக விழும், இதன் பொடி பச்சை கலந்திருக்கும். பேரப்பிள்ளைகளோடு செய்து பார்க்க நல்ல வேலை. அதை நம்பிச் சமைக்க மட்டும் செய்யாதீர்கள். அமாகோவேயை வருஷக்கணக்காகப் பறிக்கிறவர் கையால் வாங்குவதுதான் சரி. யாராவது தெரியாமல் தின்று வாந்தி எடுத்தால், மிச்சமிருக்கும் காளானை பிளாஸ்டிக்கில் போடாமல் தாளில் சுற்றி, ஆளோடு சேர்த்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.